ஓர் இனம் இரண்டானதை மரபணுவும் வரைபடமும் எப்படிக் காட்டிக்கொடுக்கின்றன?

"புதிய சிற்றினம் உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். கூடவே இருந்து பார்த்தவர் யாருமில்லை. டி.என்.ஏ.வையும் அந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதையும் வைத்துக்கொண்டு, இது அதிலிருந்து பிரிந்தது, இத்தனை ஆண்டுக்கு முன் பிரிந்தது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?" இதுதான் கேள்வி.

மரபணு மட்டும் இருந்தால் சொல்ல முடியாது. வரைபடம் மட்டும் இருந்தாலும் முடியாது. இரண்டு கூட்டங்கள் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று, பிரிந்த பிறகு திரும்பக் கலந்தனவா என்பதற்கெல்லாம் டி.என்.ஏ.வில் தடயம் இருக்கும். ஏன் பிரிந்தன என்று அதில் எழுதியிருக்காது. வரைபடத்தில் குறுக்கே ஓர் ஆறோ மலைத்தொடரோ கிடந்தால் 'ஏன்' என்பதற்கு ஓர் ஊகம் கிடைக்கும். ஆனால் அந்த ஆறு உண்மையிலேயே தடுத்ததா, சும்மா அங்கே ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை டி.என்.ஏ.தான் சொல்ல வேண்டும். ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியை வைத்துக் குறுக்கு விசாரணை செய்வதுதான் இந்த வேலை.

விசாரணை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. மாதிரிக் குப்பியின் மேல் ஒட்டும் சீட்டில் தொடங்குகிறது. 1852இல் அமேசான் குரங்குகளைப் பற்றி எழுதிய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், அருங்காட்சியக மாதிரிகளில் 'பிரேசில்', 'அமேசான்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறதே தவிர, ஆற்றின் எந்தக் கரை என்று இல்லையே எனக் குறைப்பட்டார். அந்தப் பெரிய ஆறுகளின் ஒரு கரையில் இருக்கும் குரங்கு பல சமயம் எதிர்க்கரையில் இருக்காது என்பதுதான் அவர் கண்டது. டார்வினே 1835இல் கலாபகஸ் தீவுகளில் பிடித்த குருவிகளைத் தீவு வாரியாகக் குறித்து வைக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் போன்றவர்கள் சேர்த்து வைத்திருந்த பறவைகளின் சீட்டுகளைப் பார்த்துத்தான் விட்டதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையை ஐந்து தசம இடம் வரை எழுதினால் சுமார் ஒரு மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். எழுத வேண்டும், அவ்வளவுதான். திசுவை 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுகிறார்கள். துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், பெரிதாக இருந்தால் நடுப்பகுதிக்கு எத்தனால் போய்ச் சேரும் முன் அது அழுகத் தொடங்கிவிடும். திசுவின் கனஅளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு எத்தனால் வேண்டும். ஒரு நாள் கழித்து அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், ஏனென்றால் திசுவிலிருந்து வெளியேறும் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். ஃபார்மலினில் போட்டால் உருவம் அழகாக நிற்கும், டி.என்.ஏ. துண்டு துண்டாகப் போகும்.

இதைவிடப் பெரிய தவறு, மாதிரி எடுக்கும் இடங்களைத் தேர்வதில் நடக்கிறது. ஒரு பல்லி 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு முனையில் 30, கிழக்கு முனையில் 30 எடுத்து ஒப்பிட்டால் கணினி இரண்டு தெளிவான குழுக்களைக் காட்டும். உடனே 'இரண்டு சிற்றினம்' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் பல்லி தன் வாழ்நாளில் போகும் தூரம் சில நூறு மீட்டர்தான். அக்கம்பக்கத்துப் பல்லிகளோடுதான் சேரும். எனவே தூரம் கூடக்கூட வேறுபாடும் படிப்படியாகக் கூடுவது இயல்பு. நடுவில் 800 கிலோமீட்டரை விட்டுவிட்டால் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது, பள்ளம் மட்டும் தெரியும். அந்தப் பள்ளம் பல்லியில் இல்லை, மாதிரி எடுத்தவர் நடையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மரபணுப் புள்ளிகளைப் படிக்க முடிகிற இன்றைய நிலையில் ஓர் இடத்துக்கு ஐந்து விலங்கு இருந்தாலே பெரும்பாலும் போதும். ஒரே இடத்தில் 30 எடுப்பதைவிட ஆறு இடங்களில் ஐந்தைந்து எடுப்பது எவ்வளவோ மேல். எல்லை இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில் இன்னும் நெருக்கமாக எடுக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்ப எதிர்பார்க்கும் வேறுபாட்டைவிட எல்லையைத் தாண்டும்போது திடீரென்று கூடுகிறதா என்று பார்த்தால்தான் எல்லைக்குப் பொருள் உண்டு.

அடுத்தது காலக்கணக்கு. விலங்குகளில் அடையாளத்துக்கு அதிகம் படிக்கும் துண்டு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் தனி டி.என்.ஏ.வில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி. இரண்டு பறவைக் கூட்டங்களுக்கிடையே சராசரியாக 33 எழுத்து மாறியிருந்தால் வேறுபாடு 5 சதவீதம். பறவைகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வேகம் 10 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். வகுத்தால் 25 லட்சம் ஆண்டு வருகிறது. இங்கேதான் முதல் சறுக்கல். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயும் பறவைக்குப் பறவை வேறுபாடு இருக்கும். அது 1 சதவீதம் என்றால், பிரிவதற்கு முன்பிருந்த மூதாதைக் கூட்டத்திலும் ஏறக்குறைய அவ்வளவு இருந்திருக்கும். அதைக் கழித்தால் 4 சதவீதம், அதாவது 20 லட்சம் ஆண்டு. மரபணுக்களின் கிளை பிரிந்த காலம் வேறு, கூட்டங்கள் பிரிந்த காலம் வேறு. பிரிந்த பிறகு கலக்காதவரை முன்னதுதான் பழையது. இரண்டாவது சறுக்கல் இன்னும் எளிமையானது. 2 சதவீதம் என்பது இரு கிளைகளும் சேர்ந்து விலகும் வேகம், ஒரு கிளைக்கு 1 சதவீதம்தான். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் விடை இரட்டிப்பாகும், இல்லை பாதியாகும். மூன்றாவது, 10,000 ஆண்டு போன்ற குறுகிய காலத்துக்கு இந்த வேகத்தைப் போடவே கூடாது. கூட்டத்தை விட்டு இன்னும் நீங்காத புதிய மாற்றங்களும் கணக்கில் சேர்வதால் அண்மைக்கால வேகம் எப்போதும் அதிகமாகத் தெரியும்.

அந்த வேகத்தையே எங்கிருந்து எடுத்தார்கள்? வரைபடம் இங்கே உள்ளே வருகிறது. ஹவாய் தீவுகளில் கவாய் சுமார் 50 லட்சம் ஆண்டு பழையது, ஹவாய் என்ற பெருந்தீவுக்கு 10 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. அதில் மட்டும் வாழும் ஒரு பூச்சி, பக்கத்துத் தீவுப் பூச்சியிலிருந்து எப்போது பிரிந்திருக்கும் என்பதற்கு எரிமலைப் பாறையின் வயதே மேல் எல்லை தருகிறது. பனாமா நிலப்பாலம் இன்னொன்று. வட, தென் அமெரிக்காக்கள் இணைந்து, சுமார் 30 லட்சம் ஆண்டுக்கு முன் கரீபியன் கடலும் பசிபிக் கடலும் தனித்தனியாயின. இரு பக்கமும் ஒன்றுபோல் தோன்றும் ஜோடி உயிர்கள் ஏராளம். வேறுபாட்டை 30 லட்சத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும் என்று பல காலம் நினைத்தார்கள்.

கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் ஆல்ஃபியஸ் இறால்களை வைத்து நான்சி நோல்டனும் உடனிருந்தவர்களும் 1993இல் இதைச் சோதித்தார்கள். எல்லா ஜோடியும் ஒரே நாளில் பிரிந்திருந்தால் எல்லாவற்றிலும் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. சில ஜோடிகள் மற்றவற்றைவிடப் பல மடங்கு விலகியிருந்தன. ஆழமான நீரில் வாழ்பவை முன்னதாகவே பிரிந்துவிட்டன. அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்பவைதான் கடைசிவரை கலந்திருந்தன. நிலம் ஒரு கதவு மூடுவது போல மூடவில்லை. கடல் ஆழம் குறைந்து, நீரோட்டம் மாறி, கடைசியில்தான் சேறு காய்ந்தது. வரைபடத்தில் ஒரு கோடாகத் தெரியும் எல்லைக்கு ஒவ்வோர் உயிரையும் பொறுத்து ஒரு தேதி உண்டு என்பது இறால்கள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கடற்கரைச் சேற்று ஜோடிகளைத் தவிர மற்றவற்றை 30 லட்சத்துக்குக் கட்டினால், மரபணு மாற்றத்தை வைத்துக் காலம் சொல்லும் கடிகாரம் தேவைக்கு மேல் வேகமாக ஓடும்.

பிரிந்தவை மறுபடி சந்தித்தால் என்ன ஆகும்? என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் மிக அழகான பகுதி இதுதான், ஏனென்றால் வெறும் நீள அளவிலிருந்து இயற்கைத் தேர்வின் வலிமையையே கணக்கிட முடிகிறது. போலந்தில் கிராக்கோவ் நகரை ஒட்டி இரண்டு தேரைகள் சந்திக்கின்றன. சமவெளிக் குளங்களில் வாழும் தேரைக்கு வயிறு சிவப்பு, மலையடிவாரக் குட்டைகளில் வாழும் தேரைக்கு மஞ்சள். சந்திக்கும் இடத்தில் தாராளமாகக் கலக்கின்றன, கலப்புத் தேரைகளும் இருக்கின்றன. அப்படியானால் ஒரே சிற்றினமா? கோடு போட்டது போல் குறுக்கே நடந்து, வழியிலுள்ள குளங்களில் எல்லாம் மாதிரி எடுத்து, சிவப்பு வயிற்றின் மரபணு வடிவம் எத்தனை சதவீதம் என்று வரைந்தால், 'எஸ்' போன்ற வளைவு கிடைக்கிறது. ஏறக்குறைய முழுவதும் சிவப்பாக இருப்பதிலிருந்து முழுவதும் மஞ்சளாவதற்கு ஆகும் அகலம் 6 கிலோமீட்டர் போல.

பிறந்த குளத்துக்கும் இனப்பெருக்கம் செய்யும் குளத்துக்கும் இடையே தேரை ஒரு தலைமுறையில் நகரும் தூரம் சுமார் 1 கிலோமீட்டர். கலப்பதால் எந்தக் கேடும் இல்லை என்றால், அகலம் தலைமுறை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை அந்தத் தூரத்தாலும் 2.5ஆலும் பெருக்கியதற்குச் சமமாக விரிந்துகொண்டே போகும். 1,000 தலைமுறையில் அது 79 கிலோமீட்டர் ஆகியிருக்க வேண்டும். பனியுகம் முடிந்ததிலிருந்து பல ஆயிரம் ஆண்டாகத் தொட்டுக்கொண்டிருந்தும் 6இல் நிற்கிறது. ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. கலப்புகள் நலிவதாக வைத்துக் கணக்கிட்டால், அகலத்தின் வர்க்கம் என்பது நகரும் தூரத்தின் வர்க்கத்தை 8ஆல் பெருக்கித் தேர்வின் வலிமையால் வகுத்தது. 8ஐ 36ஆல் வகுத்தால் 0.22. அதாவது இரண்டும் கலக்கும் பட்டையின் நடுவில் சுமார் 22 சதவீத இழப்பு. கலக்கின்றன, ஆனால் கலந்தவை முன்னேறிப் போவதில்லை. நகரும் தூரத்தைத் தவறாகப் போட்டால் இந்த விடை வர்க்கமாகத் தவறும். 1 என்பது உண்மையில் 2ஆக இருந்தால் 0.22 என்பது 0.89 ஆகிவிடும். பலர் வளைவை மணிக்கணக்கில் நேர்த்தியாகப் பொருத்திவிட்டு, தேரை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கையில் கிடைத்த எண்ணிலிருந்து எடுத்துப்போடுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்க யானைகளைவிட நல்ல பாடம் இல்லை. புல்வெளி யானை, காட்டு யானை என்று இரண்டு உண்டு. காட்டு யானை சிறியது, தந்தம் நேராகக் கீழ்நோக்கி நிற்கும். செல்லின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ., இரண்டும் பல லட்சம் ஆண்டுக்கு முன்பே பிரிந்ததாகத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் புல்வெளி யானைகள் பலவற்றில் காட்டு யானையின் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. அதை மட்டும் பார்த்தவர்கள் இரண்டும் ஒன்றே என்றார்கள். யானையின் வாழ்க்கையைப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் போகும். பெண் யானை பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லை, ஆண்தான் அலையும். என்றோ காடு பின்வாங்கிய எல்லையில் ஒரு பெண் காட்டு யானையோடு புல்வெளி ஆண் சேர்ந்தது. பிறந்த மகளும் அங்கேயே நின்றாள், அவளையும் புல்வெளி ஆணே சேர்ந்தது. தலைமுறைக்குத் தலைமுறை உட்கருவில் எஞ்சிய காட்டுப் பங்கில் பாதி புல்வெளியாக மாறிக்கொண்டே வந்தது. பத்துத் தலைமுறையில் காட்டுப் பங்கு ஆயிரத்தில் ஒன்று. மைட்டோகாண்ட்ரியா மட்டும் பாட்டியின் சொத்தாக அப்படியே நின்றுவிட்டது. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இரண்டையும் தனித்தனிச் சிற்றினமாகவே மதிப்பிட்டது.

பழைய கலப்பைக் கண்டுபிடிக்க ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. அ, ஆ இரண்டும் நெருங்கிய உறவு, இ சற்றுத் தூரம், நான்காவது வெகுதூரத்து உறவு. மூதாதை எழுத்து எது என்பதை நான்காவது சொல்லும். புதிய எழுத்து அ, ஆ இரண்டிலும் இருந்தால் வியப்பில்லை. ஆ, இ இரண்டில் மட்டும் இருக்கும் இடங்களும், அ, இ இரண்டில் மட்டும் இருக்கும் இடங்களும் தற்செயலாகவும் வரும். மூதாதைக் கூட்டத்தில் இருந்த இரண்டு வடிவங்கள் தாறுமாறாகப் பங்கு பிரிந்தால் அப்படி ஆகும். ஆனால் தற்செயல் என்றால் இரண்டு வகையும் சம அளவில் வர வேண்டும். முன்னது 6,500 இடத்திலும் பின்னது 5,000 இடத்திலும் இருந்தால், வித்தியாசமான 1,500ஐ மொத்தம் 11,500ஆல் வகுக்க 0.13 வருகிறது. ஆவுக்கும் இவுக்கும் இடையே மரபணு கைமாறியிருக்கிறது. நியண்டர்தாலுக்கும் மனிதனுக்கும் நடந்த கலப்பை 2010இல் காட்டியது இந்த வகைச் சோதனைதான். எண் பூஜ்யத்திலிருந்து விலகியது என்றவுடன் வரைபடத்தைத் திறக்க வேண்டும். இன்று ஆவும் இவும் ஒன்றையொன்று தொடாத இடத்தில் இருந்தால், ஒன்று அவற்றின் எல்லை அன்று வேறாக இருந்தது, இல்லையென்றால் இவுக்கு நெருங்கிய, அழிந்துபோன வேறொன்று கலந்திருக்கிறது.

விக்டோரியா ஏரி மீன்களில் இது பெரிய முடிச்சை அவிழ்த்தது. சுமார் 15,000 ஆண்டுக்கு முன் அந்த ஏரி வறண்டு கிடந்தது. அதன் பிறகு அதில் சிக்ளிட் என்ற மீன் குடும்பத்தில் சுமார் 500 சிற்றினங்கள் உருவாயின. மரபணு வடிவங்களின் வயதோ ஏரியைவிடப் பன்மடங்கு அதிகம். வரைபடமும் மரபணுவும் ஒன்றையொன்று பொய்யாக்குவது போலிருந்தது. 2017இல் வெளியான ஆய்வு, இந்த மீன்களின் மூதாதை, காங்கோ பக்கத்தையும் மேல் நைல் பக்கத்தையும் சேர்ந்த இரண்டு தூரத்து வழிகளின் கலப்பு என்று காட்டியது. கண்ணின் நிறமறியும் மரபணு வடிவங்கள் முன்பே தயாராக வந்திருந்தன, ஏரியில் அவை புதுப்புது வகையாகச் சேர்ந்தன. சரக்கு பழையது, கடைதான் புதிது.

வளையச் சிற்றினம் என்று பள்ளிப் பாடத்தில் வருமே, அதற்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். திபெத் பீடபூமியைச் சுற்றி வளையமாக இனப்பெருக்கம் செய்யும் சிறிய பச்சைக் கதிர்க்குருவி, இமயத்திலிருந்து மேற்காகவும் கிழக்காகவும் வடக்கே பரவி, சைபீரியாவில் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டை மற்றொன்று கண்டுகொள்வதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கூட்டம் கலக்கும், முனைகள் கலக்காது என்பது பாடம். மரபணுத் தொகுதி முழுவதிலிருந்தும் புள்ளிகளை எடுத்து 2014இல் பார்த்தபோது, வளையம் இடையில் சில காலம் அறுந்து கிடந்ததும், 'கலக்காத' முனைகளுக்கிடையிலும் கொஞ்சம் மரபணு கசிந்திருப்பதும் தெரிந்தது. பாடப்புத்தகப் படம் தவறில்லை, ஆனால் சலவை செய்த படம்.

எத்தனை சதவீதம் மாறினால் தனிச் சிற்றினம் என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பியக் காகங்களைக் காட்டலாம். ஒன்று முழுக் கறுப்பு, மற்றது சாம்பல் உடல். கண்டத்தின் குறுக்கே குறுகிய பட்டையாகச் சந்தித்துக் கலக்கின்றன. 2014இல் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டதில், ஒன்றில் முழுக்க ஓர் எழுத்தும் மற்றதில் முழுக்க வேறு எழுத்தும் என்று நிலைத்துப்போன இடங்கள் 82தான். அவற்றில் 81, பதினெட்டாம் குரோமோசோமில் 20 லட்சம் எழுத்துக்கும் குறைந்த ஒரே துண்டில். அவ்வளவு சிறிய துண்டு நிறத்தைப் பிரித்து வைத்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் தாராளமாகப் போய்வருகிறது. இவற்றை இரண்டு என்பதா ஒன்று என்பதா என்று இன்றும் பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தடை எதுவும் இல்லாமல் ஓர் இனம் இரண்டாக முடியுமா என்பதற்கு லார்டு ஹாவ் தீவின் இரண்டு ஹோவியா பனைகள் பதில். தீவின் பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்குள், ஆஸ்திரேலியாவிலிருந்து சுமார் 580 கிலோமீட்டர் தூரம். காற்று மகரந்தத்தைத் தீவு முழுவதும் கொண்டுபோகும். ஆனாலும் ஒன்று சுண்ணாம்பு மண்ணில், மற்றது எரிமலை மண்ணில். பூக்கும் காலம் சில வாரம் விலகியிருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்பதை டி.என்.ஏ. காட்டியது, தீவு உருவான பிறகுதான் பிரிந்தன என்பதைப் பாறையின் வயது உறுதிப்படுத்தியது. பக்கத்து நிலத்தில் வேறு நெருங்கிய உறவு இருந்திருந்தால், இரண்டு முறை தனித்தனியாக வந்து குடியேறின என்ற எளிய விளக்கமே வென்றிருக்கும்.

கடைசியாக, சந்திக்கவே சந்திக்காத கூட்டங்கள். இவற்றுக்கு இயற்கைச் சோதனை கிடையாது. சந்திக்கும் உறவு ஜோடிகளில் எவ்வளவு வேறுபாடு கலப்பைத் தடுக்கிறது என்பதை அளவுகோலாக வைத்து ஒப்பிடுவார்கள், இல்லையென்றால் செயற்கையாகச் சந்திக்க வைப்பார்கள். நோல்டன் குழு அதையும் செய்தது. இரு கடல் இறால்களையும் கொண்டுவந்து, ஆணும் பெண்ணுமாக ஒரே நீரில் விட்டார்கள். ஒரே கடல் ஜோடி என்றால் கொடுக்கைத் தாழ்த்தி அருகே வரும். கடல் மாறிய ஜோடிகளில் சண்டை, அதுவும் டி.என்.ஏ. வேறுபாடு கூடக்கூடச் சகிப்பு குறைந்துகொண்டே போயிற்று. வளர்ப்பில் சேர்த்த அந்த ஜோடிகளில் 100க்கு ஒன்றுதான் பொரிக்கும் முட்டை இட்டது.